ஆலப்புழைக்கு அம்மாவை அழைத்துச் செல்கிறோம்: படகு வீட்டில் ஓர் இரவு தங்குவது அவசியமா?

கேள்வி
பதிவிட்டவர்: தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் தாயாரைக் கேரளத்தின் ஆலப்புழைக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அம்மா எழுபது வயதைக் கடந்தவர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். சிறுவயதில் அவர் தோட்டத்துக் கிராணியார் (கணக்கர்) வீட்டிற்கு உதவிக்குப் போவதுண்டு. அந்த மலையாளக் குடும்பத்து அம்மையார், தம் ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் வள்ளத்தில்தான் போவோம் என்று அடிக்கடி சொல்வாராம். அப்படி ஓர் ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

நாங்கள் விசாரித்த பயண முகவர்கள் அனைவரும் கொச்சி, மூணாறு, தேக்கடி ஆகியவற்றோடு ஆலப்புழையில் படகு வீட்டில் ஓர் இரவு என்ற ஒரே திட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்க வேண்டுமாம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, இனிப்புநீரும் இருக்கிறது. எங்களோடு இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால், அம்மா பார்க்க விரும்புவது அந்தப் படகு வீட்டிலிருந்து தெரியுமா என்பதுதான் என் ஐயம். அங்குள்ள வேம்பநாட்டுக் காயலின் (கடலோர உப்பங்கழி) நீர் மிகவும் அசுத்தமாகிவிட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். போய்வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுங்கை சிப்புட்

வணக்கம், சகோதரி. உங்கள் ஐயம் மிகச் சரியானது. அம்மாவின் ஆசையை மனத்தில் வைத்துப் பார்த்தால் படகு வீட்டை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு, உள்ளூர் மக்கள் ஏறி இறங்கும் அரசுப் படகையும் தோடு எனப்படும் சிறு கால்வாய்க்குள் போகும் சிறு வள்ளத்தையும் முதலில் வையுங்கள் என்றே சொல்வேன்.

படகு வீடு எப்படி இயங்குகிறது என்பதை முகவர்கள் விளக்குவதில்லை. நண்பகலில் ஏறியதும் சிறிது தூரம் ஓடும். மதிய உணவுக்காகக் கரையோரம் நிறுத்துவார்கள். மீண்டும் புறப்பட்டு, மாலை ஐந்தரை மணிவாக்கில் எங்காவது கட்டிவிடுவார்கள். இருட்டத் தொடங்கியதும் மீனவர்கள் காயலில் வலை விரிப்பதால் அதற்குப் பிறகு படகு வீடுகள் ஓடக்கூடாது என்பது அங்குள்ள விதி. மறுநாள் காலையில் பசியாறிய பின் ஒரு சிறு ஓட்டம், அவ்வளவுதான். ஆக, இருபது மணி நேரத்திற்கு மேல் அதில் இருந்தாலும் ஓடுவது நான்கைந்து மணி நேரமே. மேலும், அவை பெரிய படகுகளாதலால் குறுகிய தோடுகளுக்குள் நுழைய மாட்டா. வீட்டுப் படித்துறையில் பாத்திரம் கழுவுவதும், வள்ளத்தில் காய்கறி வருவதும், சீருடை அணிந்த பிள்ளைகள் படகுக்காகக் காத்து நிற்பதும் அந்தத் தோடுகளில்தான் நடக்கின்றன.

அந்தப் படகுகளின் பழைய வரலாறு மதிப்புக்குரியது என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டுவள்ளம் என்பது அயினிப் பலகைகளை ஆணியே இல்லாமல் கயிற்றால் இறுகத் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கட்டப்படும் சரக்குப் படகு. ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டு வயல்பகுதியின் நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன அவற்றின் வேலையை லாரிகள் எடுத்துக்கொண்டபின், 1990களில் அவற்றுக்குக் கூரை வேய்ந்து அறை கட்டிச் சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள்.

இனி அரசுப் படகு. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகமே ஆலப்புழையில்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்தை அடுத்துள்ள படகுத்துறையிலிருந்து நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு, கோட்டயம் ஆகிய ஊர்களுக்குப் படகுகள் புறப்படுகின்றன. கோட்டயம் வரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். கட்டணம் நம் பணத்தில் ஓரிரு வெள்ளிக்குள் அடங்கிவிடும். முன்பக்கத்தில் நின்று சக்கரத்தைப் பிடித்திருப்பவரை ஸ்ராங்கு என்கிறார்கள். இயந்திரத்தருகில் இருக்கும் ஓட்டுநருக்கு அவர் கயிற்றை இழுத்து மணியடித்தே மெதுவாக, நிறுத்து, பின்னால் என்று கட்டளையிடுவார். துறை நெருங்கியதும் லஸ்கர் எனப்படும் படகு ஊழியர் ஒருவர் கயிற்றோடு கரைக்குத் தாவி, குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். கூடை சுமந்த பெண்களும் முதியவர்களும் இறங்கி முடிவதற்குள் ஏறுபவர்கள் ஏறிவிடுவார்கள். கயிறு மீண்டும் படகுக்குள் விழும். ஒரு துறையில் இத்தனையும் ஒரு நிமிடத்திற்குள் நடந்துவிடும். கிராணியார் வீட்டு அம்மையார் சொன்ன ஊர் இதுதான் என்று உங்கள் தாயார் உடனே உணர்ந்துகொள்வார்.

படகில் போகும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். படகு ஓடும் நீர்மட்டம் உயரத்திலும், வரம்புக்கு (வயலைச் சுற்றிய மண்கரைக்கு) அப்பால் உள்ள வயல் பள்ளத்திலும் இருக்கும். குட்டநாட்டின் வயல்கள் சில இடங்களில் கடல்மட்டத்தைவிட இரண்டு மீட்டர் அளவு தாழ்ந்தவை. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் வந்து விழும் சதுப்பில் சேற்றால் வரம்பெடுத்து, உள்ளே நின்ற நீரை வெளியே இறைத்து மக்கள் உண்டாக்கிய நிலம் அது. முற்காலத்தில் பல பேர் வரிசையாக அமர்ந்து சக்கரம் மிதித்து நீர் இறைத்தார்கள். பின்னர் ‘பெட்டியும் பறையும்’ எனப்படும் மரத்தாலான இறைப்புப் பொறி வந்தது. வரம்போரம் கொட்டகைக்குள் அது உறுமிக்கொண்டு நீரைக் காயலில் தள்ளுவதை இன்றும் காணலாம். 1940களில் ஜோசப் முரிக்கன் என்பவர் காயலின் நடுவிலேயே சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று பெரும் வயல்களை மீட்டெடுத்தார். 2013இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பு குட்டநாட்டு வேளாண்மையை உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபாக அறிவித்தது. ஆனால், இடுப்பளவு சேற்றில் நின்று அந்த வரம்புகளைக் கட்டிய கூலித் தொழிலாளர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நம் முன்னோரின் பெயர்களைப் போலவே. அந்த வரம்பின்மேல் வீடுகள் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்தால் நமக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள்தாம் நினைவுக்கு வரும்.

நீரின் தூய்மையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோடை நெருங்கும்போது உப்புநீர் வயலுக்குள் வராமல் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை உண்டு; 1970களின் நடுவில் கட்டப்பட்டது. டிசம்பர் நடுவிலிருந்து அதன் மதகுகளை அடைத்துவிடுவது வழக்கம். நெல்லுக்கு அது நன்மை. ஆனால், அணைக்குத் தெற்கே நீரோட்டம் தேங்கி ஆகாயத்தாமரை மண்டிவிடுகிறது. படகு வீடுகளின் டீசலும் கழிவும் அதோடு சேர்கின்றன. 2002 முதல் ராம்சர் எனும் அனைத்துலக ஈரநிலப் பட்டியலில் இருக்கும் காயலுக்கு இந்த நிலை வந்திருப்பது வேதனைக்குரியது. படகு வீடுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும் புன்னமடைப் பக்கத்தில் அதைக் கண்கூடாகக் காண்பீர்கள். கைனகரி போன்ற உட்பகுதிகளில் சற்றுத் தேவலை. துடுப்பால் தள்ளும் வள்ளத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தால் அந்தக் காயலுக்கும் ஓர் உதவியாக இருக்கும்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: ஐயப்ப பக்தர் குழு அன்பர், கோலகங்சார்

சுவாமி சரணம். ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு காலத்தைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் சில சேர்க்கிறேன். நாங்கள் சபரிமலை யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் ஆலப்புழையில் தங்குவது வழக்கம்.

டிசம்பரில் வானிலை நன்றாக இருக்கும். ஜூன் தொடங்கும் பெருமழையும் அக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழையும் ஓய்ந்திருக்கும். நெல்வயல்கள் பச்சையாக நிற்கும். ஆயினும், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னிருந்து புத்தாண்டு வரை கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27ஆம் நாள் நிறைவடைவதால் அந்த நாள்களில் கேரள இரயில்களில் இடம் கிடைப்பது மிகக் கடினம். விடுமுறையின் தொடக்கத்திலேயே போய்வர முடியுமானால் நல்லது. அதே சமயம், ஆலப்புழை நகரின் நடுவில் உள்ள முல்லைக்கல் ராஜராஜேஸ்வரி கோயிலில் டிசம்பரின் பிற்பகுதியில் சிறப்பு விழா நடைபெறும். கோயில் தெரு முழுவதும் கடை பரப்பி விளக்கேற்றியிருப்பார்கள். அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும்.

கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம். கொச்சி விமான நிலையத்திலிருந்து ஆலப்புழை எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். முதியவரோடு போகும்போது வண்டி பேசிக்கொள்வதே நலம். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மின்விசாவுக்கு இந்திய அரசின் இணையத்தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் பணம் பிடுங்கும் தளங்கள் பல உள்ளன.

அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் ஆலப்புழையிலிருந்து தெற்கே அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அங்கே ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். அங்குள்ள பால்பாயசம் புகழ்பெற்ற நிவேதனம். சதுரங்கத்தில் தோற்ற மன்னன் கட்டத்திற்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி தர முடியாமல் திகைத்தபோது, கடனைப் பாயசமாகச் செலுத்து என்று கண்ணன் சொன்னதாகக் கதை. உச்சிப் பூஜைக்குப் பிறகு வழங்குவார்கள். விரைவில் தீர்ந்துவிடுமாதலால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்தர்கள் சபரிமலையடியில் முழுகி எழும் அதே பம்பைதான் குட்டநாட்டின் வழியாக வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. அதை எங்கள் குழுவினருக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் கைகூப்பி அந்த நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

மறுமொழி 3
பதிவிட்டவர்: செவிலியர், ஈப்போ

தங்கச்சி, அம்மாவின் உடல்நிலையை ஒட்டிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முழங்கால் வலிக்காரருக்கு ஆபத்தான இடம் படகு அன்று. படகுக்கும் துறைக்கும் இடையே உள்ள இடைவெளிதான். நீர்மட்டத்தைப் பொறுத்துப் படி உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும். அரசுப் படகில் லஸ்கர் கைகொடுப்பார். ஆனால், அவசரத்தில் ஏறாமல், புறப்படும் துறையிலேயே முன்கூட்டி ஏறி அமர்ந்துவிடுங்கள். தரையோடு தரையாக உட்கார வேண்டிய சிறு வள்ளம் அம்மாவுக்கு ஒத்துவராது. முதுகு சாய்க்க மெத்தை இருக்கையும் கூரையும் உள்ள ‘ஷிகாரா’ படகு உண்டு. இரண்டு, மூன்று மணி நேரத்திற்கு எடுத்துக்கொண்டால் போதும். குறுகிய தோட்டுக்குள் போக வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய காயலையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். படகுத்துறை அருகே மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவின் அலுவலகம் இருக்கிறது. சாலையில் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களிடம் பேசுவதைவிட அங்கே கட்டணம் கேட்டுப் பதிவு செய்வது மேல்.

பாதுகாப்பைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்திற்குச் சென்ற பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள். எனவே, பிள்ளைகளின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டை இருக்கிறதா என்று பார்த்து, புறப்படும் முன்பே அணிவித்துவிடுங்கள். ஆள் கூடுதலாக ஏற்றினால் இறங்கிவிடுங்கள். கட்டிய பணத்தைப் பற்றி எண்ண வேண்டாம்.

நேர வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. நம் நேரம் அங்குள்ளதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. படகு வீட்டில் இரவு எட்டு மணிக்கு உணவு பரிமாறினால் அம்மாவின் உடலுக்கு அது பத்தரை மணி. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. ஆறரை மணிக்கே உணவு வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துமுறையை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைப் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பாயசம் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். கரிமீனை வாழையிலையில் பொதிந்து சுட்டுத் தருவார்கள்; அதை அம்மா தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் முள் உண்டு, பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுங்கள்.

மறுமொழி 4
பதிவிட்டவர்: வேன் ஓட்டுநர், தாப்பா

ஆசிரியர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும், படகு வீட்டை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் எண்ணம். பகல் முழுவதும் இரைச்சலாக இருக்கும் காயல், விளக்கு வைத்த பிறகு அடங்கிவிடும். மீனவர்கள் சிறு விளக்கோடு வலை போடுவதையும், எதிர்க்கரையில் கோயில் பாட்டு கேட்பதையும் பகல் பயணத்தில் பெற முடியாது. எங்கள் பெற்றோர் இன்றும் பேசுவது அந்த இரவைப் பற்றித்தான்.

எடுப்பதானால் கீழ்த்தளத்திலேயே அறைகள் உள்ள படகை எடுங்கள்; மாடிப்படி ஏறும் வேலை இருக்கக் கூடாது. எங்களுக்குப் படத்தில் காட்டியது ஒன்று, துறையில் நின்றது வேறொன்று. ஆகவே, நேரில் பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். குளிர்சாதனம் பெரும்பாலும் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரைதான் ஓடும். பகலிலும் வேண்டுமென்றால் கட்டணம் வேறு. எங்கே கட்டுவார்கள் என்றும் கேளுங்கள். வரிசையாகப் பல படகுகள் ஒட்டி நிற்கும் இடத்தில் கட்டினால் பக்கத்துப் படகின் ஒலிபெருக்கிதான் உங்களுக்கும் பாட்டு. கொசுவிரட்டி கட்டாயம் தேவை.

தோட்டத்து மகளின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மணியடித்து ஓட்டும் படகைப் பற்றிக் கேட்டதும், “அதில்தான் போவோம்” என்று சொல்லிவிட்டார். ஆகவே, ஆலப்புழையில் கரையோர விடுதியில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் ஷிகாராவும் மறுநாள் கோட்டயத்து அரசுப் படகுமாகப் போகலாம் என்று எண்ணுகிறோம். படகு வீட்டு இரவை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறோம். ஐயா, கோட்டயத்திலிருந்து அன்றே திரும்ப முடியுமா? குமரகத்திற்கும் போக வேண்டுமா?

மறுமொழி 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுங்கை சிப்புட்

நல்ல முடிவு, சகோதரி. கோட்டயத்திற்குக் காலைப் படகில் போய், திரும்பும்போது வண்டியில் வாருங்கள்; இரண்டு வழியும் படகென்றால் முழங்காலுக்கு நீண்ட நேரம். பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். காயலைக் கடந்து கோட்டயத்துத் தோட்டில் நுழைந்ததும் குறுக்கே சிறு தூக்குப்பாலங்கள் வரும். படகின் ஒலி கேட்டுக் கரையில் இருப்பவர் கயிற்றை இழுத்துப் பாலத்தை உயர்த்தி வழிவிடுவார். பிள்ளைகளை அந்த நேரத்தில் முன்பக்கம் அமர்த்துங்கள்.

குமரகம் காயலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பெரிய தங்கும் விடுதிகளும் பறவைகள் சரணாலயமும் உள்ள அமைதியான இடம். ஆனால், உங்கள் நோக்கத்திற்கு அது தேவையில்லை. அரை நாள் மிஞ்சினால் வைக்கத்திற்குப் போங்கள் என்பேன். ஆலப்புழை மாவட்டத்துத் தவணக்கடவிலிருந்து வைக்கத்திற்கு 2017 முதல் கதிரொளியில் ஓடும் ‘ஆதித்யா’ படகு இயங்குகிறது. இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகு அதுவே. கால் மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும், டீசல் வாடையே இராது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக 1924இல் போராட்டம் நடந்த ஊர் வைக்கம். அதில் சிறை சென்ற பெரியாருக்கு அங்கே நினைவகம் இருக்கிறது. 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். அந்தப் போராட்டத்திற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1929இன் இறுதியில், அவர் பினாங்கில் வந்திறங்கி மலாயாத் தமிழரிடையே பேசினார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

கோட்டயத்துப் படகின் நேரம் அவ்வப்போது மாறும். தோட்டில் ஆகாயத்தாமரை அடைத்தாலோ பாலம் பழுதானாலோ பாதி வழியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. முதல் நாள் மாலையிலேயே படகுத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, இறங்குமிடத்திற்கு வண்டியை வரச் சொல்லி வையுங்கள்.